பன்னிரண்டு பிரதிகள்

மார்ச் 4

தம்பிக்கு,

பதினோரு மாதம் கழித்து எழுதுகிறேன். அக்காவுக்கு மனம் இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளாதே. ஒரு காரியம் ஆக வேண்டும், அதற்கு நீதான் வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போன வருஷம் நம் பத்திரிகையை அந்தக் கம்பெனிக்கு விற்கும்போது போனில் என்ன சொன்னாய்? "அக்கா, ஆபீஸ மூடவே மாட்டாங்க. நீதான் எடிட்டர். ஒரு நாற்காலிகூட நகராது" என்றாய். நாற்பதாவது நாள் வேன் வந்து நாற்காலிகளோடு மின்விசிறியையும் கழற்றிக்கொண்டு போனது. கேட்டபோது, "நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்?" என்றாய். இனி உனக்கும் எனக்கும் எதுவானாலும் காகிதத்தில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை ஏரிக்கரை குவாரியில் நான்கு பேர் முளை அடித்து மஞ்சள் பெயிண்ட் பூசிக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். நகரத்துக் குப்பையை இங்கே கொண்டுவந்து கொட்டப் போகிறார்களாம். தினம் அறுபது லாரி. குவாரிக் குழிக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் கரை இருக்கிறது, உனக்கே தெரியும். ஊர் முழுவதும் குடிப்பது அந்த ஏரித் தண்ணீரைத்தான்.

வட்டார அலுவலகத்துக்குப் போனேன். கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "ஆட்சேபணை இருந்தா முப்பது நாளுக்குள்ள எழுதிக் குடுத்திருக்கணும்மா. டைம் முடிஞ்சு போச்சே" என்றார். எங்கே அறிவித்தீர்கள் என்றேன். "உங்க பத்திரிகையிலதாம்மா. ஜனவரி பத்தொன்பது, நாலாம் பக்கம். இந்தப் பகுதியில புழங்குற பத்திரிகையில போடணும்னு சட்டம். போட்டாச்சு. ஒருத்தரும் எதிர்க்கல. ஊருக்குச் சம்மதம்னு எழுதியாச்சு" என்றார்.

ஊருக்குச் சம்மதமாம். போன மே மாதத்திலிருந்து நம் ஊரில் ஒரு வாசலிலும் அந்தப் பத்திரிகை விழுந்ததில்லை. முதலில் சிரிப்புத்தான் வந்தது. வீட்டுக்கு நடந்து வரும்போது அது நின்றுபோனது.

பத்திரிகையோடு சேர்த்து உன்னையும்தானே வேலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அந்த ஆபீஸில்தானே உட்கார்ந்திருக்கிறாய். ஜனவரி 19 இதழை எனக்கு அனுப்பு. அது எத்தனை பிரதி அச்சானது, எங்கே போனது என்றும் எழுது.

அக்கா

•

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? உள்ளே படித்த பிறகு கொஞ்சம் குறைந்தது. உன் கோபம் இன்னும் ஆறவில்லை. போகட்டும், முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அத்தான் நேரத்துக்கு மாத்திரை போடுகிறாரா?

நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. நான் பக்கம் கட்டுகிற ஆள், அவ்வளவுதான். விநியோகம் இன்னொரு பிரிவு, அவர்கள் வேறு மாடியில் இருக்கிறார்கள். பழைய இதழை வெளியே எடுக்க அனுமதி வேண்டும். கேட்டுப் பார்க்கிறேன்.

இன்னொன்று, நீ இன்னும் காகிதத்தையே பிடித்துக்கொண்டு இருக்கிறாய். நம் பத்திரிகை இப்போது ஆப்பில் வருகிறது. போனில் இறக்கிக்கொண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் போதும், செய்தி வந்து கொட்டும். முன்பு வாரம் ஒரு தடவை வந்தது இப்போது நிமிஷத்துக்கு நிமிஷம் வருகிறது. இதை ஊருக்கு நல்லது என்றுதான் நான் நினைத்தேன்.

குப்பை விஷயமாக அலட்டிக்கொள்ளாதே. இப்போதெல்லாம் அறிவியல் முறைப்படிதான் செய்கிறார்கள்.

அன்புடன்,
தம்பி

•

மார்ச் 17

தம்பிக்கு,

என் முழங்கால் என் பாடு. நான் ஒன்று கேட்டால் நீ மாத்திரையை விசாரிக்கிறாய். இந்தப் பூசி மெழுகுகிற வேலையை எப்போது கற்றுக்கொண்டாய்?

நீ சொன்ன ஆப்பை இறக்கிப் பார்த்தேன். நம் ஊரில் சிக்னல் கிடைக்க சாக்பீஸ் வாத்தியார் வீட்டு மொட்டை மாடிக்கு ஏற வேண்டும். அந்தக் காலோடு ஏறினேன். ஊர்ப் பெயரைத் தட்டினேன். வந்தது என்ன தெரியுமா? ஒரு நடிகையின் தலைமுடி ரகசியம். தொப்பை குறைய பத்து வழி. அதற்குக் கீழே, "நம்ம ஊர் துறைமுகத்தில் இன்றைய மீன் விலை." நம் ஊருக்குக் கடல் எப்போதடா வந்தது? மாடியில் நின்று நான்கு பக்கமும் பார்த்தேன். காய்ந்த வயலும் அந்தக் குவாரியும்தான் தெரிந்தன. வாத்தியார், "என்னம்மா, கப்பல் ஏதாவது வருதா?" என்று கேட்டார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு வயிற்றெரிச்சல்.

பத்திரிகை இல்லாமல் ஊர் என்ன ஆகியிருக்கிறது என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எல்லாச் செய்தியும் இப்போது போனில் ஊர்க் குழுவில்தான். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம். டிசம்பரில் பழைய கம்பவுண்டர் செத்துவிட்டார் என்று ஒருவன் போட்டான். இருநூறு பேர் கும்பிடுகிற கையைப் போட்டார்கள். மாலையோடு இருபது பேர் அவர் வீட்டுக்குப் போனால், மனுஷன் பனியனோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். அது வேடிக்கை. அதே வாரம் தபால்காரரின் மனைவி நிஜமாகவே இறந்துபோனாள். தபால்காரர் அந்தக் குழுவில் இல்லை. யாருக்கும் தெரியவில்லை. பாடையைத் தூக்க நாலாவது ஆள் கிடைக்காமல் பஸ் டிரைவரை வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். முப்பது வருஷம் ஊருக்கெல்லாம் சேதி கொண்டு போன மனுஷன் தன் வீட்டுச் சேதியைச் சொல்ல வழியில்லாமல் நின்றார். நம் பத்திரிகை இருந்தபோது இறந்தவர்களுக்கென்று மூன்றாம் பக்கத்தில் ஒரு கட்டம் விடுவோமே. அதற்கு யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. இப்போது அந்தக் கட்டத்தில் தொப்பை குறைகிறது.

நான் சும்மா இல்லை. வாரம் ஒரு தாள் கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பஸ் நிறுத்தத்திலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்டுகிறேன். நின்று படிக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது சத்தமாக வாசிக்கிறார்கள். குவாரி விஷயத்தை அப்படித்தான் ஊருக்குச் சொன்னேன். எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நம்ம பத்திரிகையிலேயே வந்துதாமே, நீங்க ஏன் சொல்லல?" நான்தான் மறைத்தேன் என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள்.

இதழை அனுப்பு. வேறு மாடி, வேறு பிரிவு என்று எனக்குப் படம் காட்டாதே.

அக்கா

•

மார்ச் 25

அக்கா,

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட.

ஜனவரி 19 இதழ் பன்னிரண்டு பிரதி அச்சானது. ஊருக்கு ஒன்றும் வரவில்லை. எந்த இதழும் வருவதில்லை.

இங்கே வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். கம்பெனியிடம் நம்முடையது போல பதினான்கு ஊர்ப் பத்திரிகைகள் இருக்கின்றன. பதினான்குக்கும் ஆள் ஒன்று, அது நான். ஒரு பக்கத்தைக் கட்டுவேன், மேலே ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் பதினான்கு ஆக்குவேன். ஒரு கடலோர ஊரின் மீன் விலை உன் போனுக்கு வந்தது என் கை தவறியதால்தான், பெயர் மாற்ற மறந்திருப்பேன். நாலாம் பக்கம் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. அதில்தான் அரசு அறிவிப்புகள் வரும். கம்பெனிக்கு வேண்டியது அந்த நாலாம் பக்கம்தான். பதிவு பெற்ற ஊர்ப் பத்திரிகையில் போட்டோம் என்று காட்ட ஒரு பத்திரிகை வேண்டும், அதற்காகத்தான் நம் பெயரை வாங்கினார்கள். யாரும் படிக்க வேண்டும் என்று அவர்கள் நினைக்கவே இல்லை. யாரும் படிக்காமல் இருந்தால் வாடிக்கையாளருக்கு இன்னும் வசதி என்று மேனேஜர் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன்.

பன்னிரண்டில் நாலு அரசு அலுவலகத்துக்கு, இரண்டு பதிவாளருக்கு, இரண்டு ஃபைலுக்கு. மிச்சம் நாலு பிரதியை என்ன செய்வோம் என்று கேட்பாய். மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் விரிப்போம். நம் ஊர்ப் பெயர் போட்ட தாளின் மேல் இங்கே மீன் முள்ளைத் துப்புகிறார்கள். முதல் தடவை என் டப்பாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனேன். இப்போது நானும் அதில்தான் சாப்பிடுகிறேன்.

அந்த அறிவிப்பைப் பக்கத்தில் வைத்தவன் நான்தான். ஒரு பற்பசை விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்று எழுத்தைச் சின்னதாக்கினேன். சத்தியமாக நான் படிக்கவில்லை அக்கா. பக்கம் கட்டுகிறவன் எழுத்தைப் படிக்க மாட்டான், அளவைத்தான் பார்ப்பான். அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார்.

இதழைத் திருட முடியவில்லை. மன்னித்துக்கொள்.

தம்பி

•

மார்ச் 31

தம்பிக்கு,

அப்பாவை இதில் இழுக்காதே. அப்பா எல்லாவற்றையும் படிப்பார். கல்யாண வாழ்த்தில் மணமகளின் அப்பா பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போனதற்கு அடித்த இதழ் முழுவதையும் மறுபடி அடித்தவர்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை "சோதனை" என்று இரண்டு லாரிக் குப்பையைக் கொட்டினார்கள். ஊரே ஓடிப்போய்ப் பார்த்தது. குழந்தைகளுக்குக் கட்டிய துணி, ஊசி, ரத்தம் ஒட்டிய பஞ்சு, அழுகிய கோழிக் குடல், பிளாஸ்டிக் பையில் கட்டிப் போட்ட ஒரு நாய். லாரியிலிருந்து கறுப்பாக ஒரு தண்ணீர் வடிந்து மண்ணில் கோடு போட்டது. அது எந்தப் பக்கம் போகும்? ஏரிப் பக்கம்தான் சரிவு. இரண்டு நாளில் ஈ வந்துவிட்டது. சோற்றில் ஈ, விளக்கில் ஈ. பஞ்சர் கடைக்காரரின் கைக்குழந்தை தூங்கும்போது வாயோரமெல்லாம் ஈ. அவர் மனைவி முந்தானையால் விசிறிக்கொண்டே என்னைப் பார்த்து, "உங்க பேப்பர்ல போட்டு எங்க வாயில போட்டீங்களேக்கா" என்றாள்.

நேற்று வட்டார அலுவலகத்தின் மேலதிகாரியைப் பார்த்தேன். நடு வயதுப் பெண், பேச்சில் நறுக்கென்று இருக்கிறாள். "பத்திரிகை ஊருக்கே வரலன்னா அறிவிப்பு செல்லாது. முப்பது நாளை மறுபடி குடுக்க வேண்டியிருக்கும். ஆனா நிரூபிக்கணும்" என்றாள். ஏப்ரல் 16 விசாரணை வைத்திருக்கிறாள். அன்றைக்குள் நிரூபிக்காவிட்டால் மறுநாளிலிருந்து அறுபது லாரி. அதற்கு மேல் முறையிட இடமில்லை.

பிறகு ஒரு ஃபைலைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். "வெளியீட்டாளரே எழுதிக் குடுத்திருக்காரே" என்றாள். வாசித்தேன். "ஜனவரி 19 இதழின் 1,140 பிரதிகள் மேற்படி ஊரில் விநியோகிக்கப்பட்டன என உறுதி கூறுகிறேன்." கீழே உன் கையெழுத்து. பெயருக்கு அடியில் நீ போடுகிற அந்த வளைந்த கோடு. சின்ன வயதில் சிலேட்டில் போட்டுப் பழகியது.

அதிகாரி, "இவர உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

ஒன்று கேள். 1,140 என்பது அப்பா காலத்துக் கணக்கு. அவர் வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி உனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கடைசி வாரம் நான் முகவரி எழுதியது 1,126 பேருக்கு. மிச்சப் பதினான்கு பேர் செத்துப் போனார்கள். பத்திரிகையைச் சுற்றுகிற சீட்டில் பத்தொன்பது வருஷம் பெயர் எழுதியவள் நான், யார் பெயரை எந்த வாரம் நோட்டிலிருந்து அடித்தேன் என்று எனக்குத் தெரியும். நீ செத்தவர்களுக்கும் பத்திரிகை போட்டுவிட்டதாகச் சத்தியம் செய்திருக்கிறாய்.

எனக்கு பிரிண்ட் ஆர்டர் வேண்டும். எத்தனை அடிக்க வேண்டும் என்று ஆபீஸிலிருந்து அச்சகத்துக்குப் போன சீட்டு. அதில் பன்னிரண்டு என்று இருக்குமில்லையா? அதை அனுப்பு.

அக்கா

•

ஏப்ரல் 5

அக்கா,

நீ கேட்பது என்னவென்று உனக்குத் தெரிகிறதா? அந்தச் சீட்டு வெளியே வந்தால் நான் பொய்ச் சான்று கொடுத்தவன். வேலை போகும். கேஸ் போடுவார்கள். பெரியவள் இந்த வருஷம்தான் காலேஜ் சேர்ந்திருக்கிறாள். "அப்பா எங்கே வேலை பார்க்கிறார்" என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? வெளியீட்டாளர் என்று காகிதத்தில் என் பெயரைத்தான் போட்டிருக்கிறார்கள்; அந்தச் சான்றை மேனேஜர் நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். மாதம் நாற்பது சான்று போடுகிறேன். நான் போடாவிட்டால் இன்னொருவன் போடுவான்.

நீ எப்போதும் இப்படித்தான். உனக்கும் அப்பாவுக்கும் ஓர் உலகம் இருந்தது. நான் அந்த அறைக்குள் வந்தால், "கை வைக்காதே, கெடுத்துடுவே" என்பீர்கள் இரண்டு பேரும். பதினைந்து வயதுவரை பத்திரிகைக் கட்டுகளைக் கட்டும் வேலைதான் எனக்கு. அப்புறம் கடைசியில் ஆம்பளைப் பிள்ளை என்று பத்திரிகையை என் பேரில் எழுதிவைத்தார். அதற்கு நீ என் மேல் கோபப்பட்டாய், அவர் மேல் படவில்லை. எனக்கு அந்தப் பத்திரிகை வேண்டாமாகத்தான் இருந்தது. அதனால் விற்றேன். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

நகரத்தில் இருக்கிறவர்களும் மனுஷர்கள்தானே, அவர்கள் குப்பையை எங்கேதான் கொட்டுவார்கள் என்று எழுதலாமா என்று யோசித்தேன். எழுதியும்விட்டேன். அந்த வரியை அடித்துவிடவில்லை, இருக்கட்டும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் தூக்கம் வராது. அந்த அறிவிப்பை நான் படிக்கவில்லை என்று சத்தியம் செய்தேனே, அது பொய். படித்தேன். மூன்று தடவை படித்தேன். உனக்குச் சொல்லலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். நீ சும்மா இருக்க மாட்டாய், எனக்குத் தலைவலி என்று வைத்துவிட்டேன். அப்புறம் ஊர் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். நம் வீடு கிழக்கே இருக்கிறது, குவாரி மேற்கே. வருஷத்தில் பெரும்பாலும் காற்று கிழக்கிலிருந்துதான் அடிக்கும். நாற்றம் நம் வீட்டுக்கு வராது என்று தெரிந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பக்கத்தை முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

விசாரணையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேள். எனக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

தம்பி

•

ஏப்ரல் 9

உன் கடிதத்தை வாசல்படியில் நின்று படித்தேன். படித்துவிட்டுப் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். இதை அலங்காரத்துக்கு எழுதவில்லை. அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், அந்த டம்ளரைப் பார்த்ததும் இன்னொரு தடவை வந்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று பார்த்தாயே, குடிக்கிற தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அந்தப் படத்தில் போட்டிருக்கவில்லையா?

மற்றவன் வாசலில் நாறினால் உனக்கு நிம்மதி. இதை எழுதக் கை எப்படி வந்தது உனக்கு? இல்லை, எழுதியதாவது பரவாயில்லை. அன்றைக்கு டீ எப்படி இறங்கியது?

அப்பா செய்தது அநியாயம்தான். அதை அவர் இருக்கும்போதே அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன், உனக்குத் தெரியாது. நீயும் கேட்டிருக்கலாம். அப்பா மேல் இருக்கிற கோபத்தை ஏன் ஏரியில் கரைக்கிறாய்?

அவகாசம் கிடையாது. நீ பிரிண்ட் ஆர்டர் அனுப்புவாய் என்று இனி நான் காத்திருக்கப் போவதில்லை. மார்ச் 25ஆம் தேதி நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. பன்னிரண்டு பிரதி, ஊருக்கு ஒன்றும் இல்லை என்று உன் கையால் எழுதியது. அதை 16ஆம் தேதி அதிகாரி மேஜையில் வைப்பேன். கூடவே முகவரி நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "மே மாதத்துக்குப் பிறகு பத்திரிகை வரவில்லை" என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். நேற்றுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு. கால் வீங்கிவிட்டது. சாக்பீஸ் வாத்தியார் சைக்கிள் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போகிறார்.

உன்னிடம் அனுமதி கேட்டு எழுதவில்லை. முன்னாலேயே சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன். நீயாக முன்வந்து உண்மையைச் சொல்ல இன்னும் ஏழு நாள் இருக்கிறது.

•

ஏப்ரல் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் யோசித்தேன். நீ சொன்னதுதான் சரி. மனுஷன் ஒரு நாளாவது மனுஷனாக இருக்க வேண்டும்.

இத்துடன் ஜனவரி 19 இதழின் பிரிண்ட் ஆர்டரும், மே மாதம் முதல் உள்ள மற்ற ஆர்டர்களின் நகலும் வைத்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பன்னிரண்டு என்றுதான் இருக்கும். விசாரணையில் காட்டு. வேலை போனால் போகட்டும், என்ன வந்தாலும் ஏற்றுக்கொள்ளத் துணிந்துவிட்டேன். தபால் ஏதாவது தாமதமானால் அது என் தவறு இல்லை.

ஊருக்காக இதைச் செய்கிறேன். நீ ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் போதும். நான் வீட்டுக்கு வரலாமா?

உன் அன்புத் தம்பி

•

ஏப்ரல் 22

தம்பிக்கு,

13ஆம் தேதி என்று போட்டு நீ எழுதிய கடிதம், பிரிண்ட் ஆர்டர் நகல்களோடு நேற்று வந்தது. தபால்காரர் கொடுக்கும்போதே, "முத்திரை பதினெட்டாம் தேதியில்ல குத்தியிருக்கு" என்று காட்டினார். விசாரணை 16ஆம் தேதி. அவர் முப்பது வருஷமாக முத்திரை பார்க்கிறவர், அவரிடம் போய் ஏமாற்று வேலை காட்டுகிறாயே.

நீ எப்போது எழுதினாய் என்று நானே சொல்கிறேன். விசாரணைக்கு உங்கள் கம்பெனி வக்கீல் வந்திருந்தார். மடிப்புக் கலையாத சட்டை. உன் கடிதத்தை அதிகாரி வாசித்ததும் அவர் கொஞ்சமும் அசரவில்லை. "அது வெளியீட்டாளர் தனிப்பட்ட முறையில செஞ்ச தவறு மேடம். நிறுவனத்துக்கு இதுல சம்பந்தமே கிடையாது. அவர வேலையில இருந்து எடுத்தாச்சு" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கைக்குட்டையை மடித்துப் பையில் வைக்கிற மாதிரி உன்னை மடித்து வைத்துவிட்டார். 17ஆம் தேதி உனக்கு வேலைநீக்கக் கடிதம் கொடுத்திருப்பார்கள். 18ஆம் தேதி உனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பழைய தேதியைப் போட்டு, ஊருக்காகச் செய்கிறேன் என்று எழுதினாய். உன் கோழைத்தனத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேனடா. இந்த நல்லவன் வேஷத்தைப் பார்த்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.

தீர்ப்பு என்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. அறிவிப்பு செல்லாது. ஆயிரத்து நாற்பத்தொரு கையெழுத்தைப் பார்த்த பிறகு அதிகாரி வேறொன்றும் கேட்கவில்லை. புதிதாக முப்பது நாள், 20ஆம் தேதியிலிருந்து. "இந்த ஊர்ல புழங்குற பத்திரிகைன்னு இப்போ ஒண்ணும் இல்ல. அதனால அறிவிப்ப வீடு வீடா குடுக்கணும், உங்க சுவர்த்தாள்லயும் போடணும்" என்று உத்தரவில் எழுதினாள். கையால் எழுதி ஒட்டுகிற தாளுக்கு அரசு உத்தரவில் இடம் கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் அதை அச்சில் கொண்டுவரப் பதிவுக்கு எழுதியிருக்கிறோம். இந்த முறை என் பேரில்.

ஆனால் குப்பை போய்விடவில்லை. ஜெயித்தது முப்பது நாள் மட்டும்தான். இந்தத் தடவை ஒவ்வொருவரும் தனித்தனியாக மனு எழுத வேண்டும். ஒரே மாதிரி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் ஒரு மனு என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். ஏரி எனக்கு எதற்கு வேண்டும் என்று அவரவர் காரணத்தை அவரவர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியும், எழுதத்தான் பாதிப் பேருக்கு வராது. ரேஷன் கடைப் பக்கத்தில் மேஜை போட்டு நானும் வாத்தியாரும் எழுதுகிறோம். ஒரு நாளைக்கு முப்பதுக்கு மேல் முடியவில்லை. அவருக்குக் கை நடுங்குகிறது. இப்படிப் போனால் முந்நூறு வீடாவது விட்டுப்போகும். விட்டுப்போன வீட்டையெல்லாம் சம்மதம் என்று எழுதிக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வீட்டுக்கு இப்போது வேண்டாம், உன்னோடு உட்கார்ந்து சாப்பிட எனக்கு இன்னும் முடியாது. அந்த மேஜைக்கு வா. வாத்தியார் வீட்டில் படுத்துக்கொள்ளலாம், கேட்டுவிட்டேன். உனக்குக் கையெழுத்து அழகு, வேகமும் இருக்கிறது, ஒரு நாளைக்கு ஐம்பது எழுதுவாய். மேஜைக்கு வருகிறவர்கள் நீ யார் என்று கேட்பார்கள். பொய் சொல்லாதே, உனக்காக நானும் எதுவும் சொல்ல மாட்டேன். பஞ்சர் கடைக்காரரின் மனைவி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவள் மனுவை நான் எழுதாமல் உனக்காக வைத்திருக்கிறேன். காறித் துப்பினாளானால் துடைத்துக்கொண்டு, அவள் சொல்லுவதை ஒரு எழுத்து விடாமல் எழுது.

அக்கா